மாப்பிள்ளை கொடுத்த மாத்திரை

மருந்துக்கடைக்கு வருகிறவர் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் என் கோபம். டாக்டர் சீட்டு இருந்தால் கோபமே இல்லை. பழைய மாத்திரை அட்டை இருந்தால் கொஞ்சம் வரும். பேர் இருக்கிற பக்கத்தைக் கத்தரித்துவிட்டு, ஓரத்தில் இரண்டெழுத்து மட்டும் மிச்சமிருக்கிற துண்டை நீட்டி, “இதே மாதிரி குடுங்க” என்றால் மூக்குக்கு மேல் வரும். கையில் ஒன்றுமே இல்லாமல், “சின்னதா, ரோஸ் கலர்ல இருக்குமே, அது ஒரு அட்டை” என்று கேட்பவர்களிடம் கோபப்பட்டும் பிரயோஜனமில்லை. அவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பேன்.

சிதம்பரத்தில் இருபத்தைந்து வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வயதானவர்கள் புதுச் சீட்டோடு வந்தால், “வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தயும் ஒரு பையில போட்டு எடுத்தாங்க, பாத்துட்டுத்தான் குடுப்பேன்” என்று சொல்லிவிடுவேன். முணுமுணுப்பார்கள். எதிர்க்கடைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. கொண்டுவருகிறவர்களின் பையைக் கொட்டிப் பார்த்தால், காலாவதியானது இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் “எனக்குக் கேட்டுச்சு” என்று கொடுத்தது இருக்கும். புவனகிரியிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, ஒரே டப்பாவில் இரண்டு பேர் மாத்திரையையும் கலந்து வைத்து, கைக்கு வந்ததை ஆளுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டால் அந்த அம்மா சிரித்துக்கொண்டே, “கல்யாணம் ஆயி நாப்பது வருஷமா எல்லாமே பாதிப் பாதிதாங்க” என்றார். அவர்களை உட்கார வைத்துப் பிரித்துக் கொடுத்து, டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லி அனுப்பினேன். அந்தக் கதையை அதற்குப் பிறகு குறைந்தது ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். கொஞ்சம் பெருமை பிடித்தவன்தான் நான்.

அப்படி ஊரார் பையையெல்லாம் கொட்டிப் பார்த்தவன், என் மாமனாரின் பையை மட்டும் பார்க்கவில்லை.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. பூர்வீகம் மேல்பட்டாம்பாக்கம். கரும்பாலையில் முப்பது வருடம் எடைமேடையில் வேலை பார்த்தவர். வண்டி மேடையில் ஏறினால், முள் ஆடாமல் நிற்கும்வரை சீட்டில் பேனாவை வைக்க மாட்டாராம். பின்னால் நிற்கிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே களைத்துப்போவார்களாம். மாமியார் போன பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் மகனோடு இருக்கிறார். மகன் என்றால் என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். மாமனார் மாதத்தில் இருபது நாள் மச்சான் வீட்டில், பத்து நாள் எங்கள் வீட்டில்.

இந்தப் போக்குவரத்து அவருக்கு உயிர். காரில் அழைத்துப்போகிறேன் என்று மச்சான் சொன்னால் முகம் சுருங்கிவிடும். தனியாகத்தான் வருவார். ஜன்னல் சீட்டு கிடைக்காத பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பார். ஆலப்பாக்கத்தில் யார் ஏறினார், புதுச்சத்திரத்தில் யார் இறங்கினார், முட்லூர் தாண்டியதும் எந்த வயலில் நடவு ஆகிவிட்டது என்பதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் மகளிடம் ஒப்பிப்பார். ஒரு மணி நேரப் பயணத்தை இரண்டு மணி நேரம் சொல்வார்.

மகளிடம் சொல்வார் என்று எழுதினேன். என்னிடம் சொல்ல மாட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகியும் நான் அவருக்கு மாப்பிள்ளைதான். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மனைவியிடம் சொல்வார். நான் இரண்டடி தள்ளி இலையில் உட்கார்ந்திருப்பேன், “மாப்புள இன்னும் கொஞ்சம் ரசம் போட்டுக்குவாங்களான்னு கேளும்மா” என்பார். நானும் சளைத்தவன் இல்லை. “மாமாவ மொதல்ல சாப்புடச் சொல்லு” என்று அவளிடமே சொல்வேன். நடுவில் நிற்கிறவள், “ரெண்டு பேரும் எனக்கு டெலிபோன் ஆபீஸ் வேலை வாங்கிக் குடுத்துட்டீங்க” என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

இன்னொன்று, மாப்பிள்ளை கொடுப்பதை அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஒரு தீபாவளிக்கு அளவு தெரியாமல் ஒரு சைஸ் சின்னதாகச் சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, அன்றைக்கு முழுக்க அதைப் போட்டிருந்தார். சாயங்காலம் ஒரு பட்டன் தெறித்து சாம்பார்க் கிண்ணத்தில் விழுந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. சிரித்தோம். அது சிரிக்கிற விஷயமாக மட்டும் இருந்த காலம் அது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. “முப்பது வருஷம் மூட்டை மூட்டையா வெளிய அனுப்பினதுல ஒண்ணு திரும்பி வந்துடுச்சு” என்று மச்சான் கிண்டல் செய்தான். கடலூர் டாக்டர் காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாமனார் அதை எடைமேடைக் கணக்காக ஒரு நாள் விடாமல் போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டது.

போன வருடம் ஆடி மாதம் எங்கள் வீட்டில் இருந்தபோது அவருடைய மாத்திரை தீர்ந்துவிட்டது. அந்தக் கம்பெனி மாத்திரை அப்போது சிதம்பரத்திலேயே இல்லை. மொத்தக் கடையில் கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள், அடுத்த வாரம் கேட்டால் அதற்கடுத்த வாரம் என்றார்கள். இது எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான். உள்ளே இருக்கிற மருந்து ஒன்றுதான், கிளிமிபிரைடு என்று அதற்குப் பெயர். அதைப் பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன. நான் அதே மருந்தை, அதே அளவில், வேறு கம்பெனி அட்டையாக எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். “அதுக்குப் பதிலா இது. அப்பாகிட்ட சொல்லிடு” என்றேன். அவளும் சொன்னாள். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு மாதா மாதம் அவர் கடலூருக்குக் கிளம்பும்போது என் கடையிலிருந்து மூன்று அட்டை பையில் ஏறிவிடும்.

இதற்கிடையில் கடலூரில் நடந்தது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு அந்த மாத்திரை கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்ட மச்சான், கடலூர் முழுக்கத் தேடி, பண்ருட்டியில் தேடி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி போய் அதே கம்பெனி மாத்திரையை நான்கு மாதத்துக்கு ஆகிற மாதிரி அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். “மெடிக்கல் வச்சிருக்கிற எங்க மாமாவுக்கே கெடைக்கல, நான் கொண்டாந்துட்டேன்” என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருக்கிறான். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. எங்களுக்குள் மாமனாரை யார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு போட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு நடைக்கோல் வாங்கினால் நான் ஒரு கட்டில் வாங்குவேன். கேட்டால் இரண்டு பேருமே அப்படியெல்லாம் இல்லை என்போம்.

ஆவணியில்தான் மாமனாரிடம் மாற்றம் தெரிய ஆரம்பித்தது. காலை பத்து, பதினொன்றுக்கு மேல் ஆளே ஒரு மாதிரியாகிவிடுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நின்றுவிடும். காபி டம்ளரைப் பிடிக்கிற கை நடுங்கும். ஒரு நாள் சிதம்பரத்துக்கு வருகிற வழியில் புதுச்சத்திரத்தில் இறங்கி, எங்கே போவது என்று தெரியாமல் செருப்பில்லாமல் நின்றிருக்கிறார். அங்கே ஒரு டீக்கடைக்காரர், நல்ல மனுஷன், உட்கார வைத்து, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் பன்னும் கொடுத்து, மாமனாரின் போனிலிருந்தே எங்களைக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மாமனார் தெளிவாக உட்கார்ந்திருந்தார். “மாப்புளக்கி வீண் அலைச்சல்” என்று டீக்கடைக்காரரிடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

நான் கடையில் இருபத்தைந்து வருடம் நின்றவன். நடுக்கம், தடுமாற்றம், இனிப்பாக ஒரு டீ குடித்ததும் தெளிவு. வேறு யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால், சொல்லி முடிப்பதற்குள் “சுகர் எறங்குது, டெஸ்ட் பண்ணுங்க” என்றிருப்பேன். வீட்டு விஷயம் என்றதும் என் மூளை கடையிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. “வயசாகுதுல்ல, மறதி வந்துடுச்சு” என்று மச்சானிடம் போனில் சொன்னவன் நான்தான். அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். புரட்டாசிப் படையல்வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும், அதற்குப் பிறகு அப்பாவைத் தனியாக பஸ் ஏற்றக்கூடாது, கடலூரிலேயே இருக்கட்டும், வாசல் தாண்டினால் கூட ஒரு ஆள் போகட்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். அதிசயமாக அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

மனைவி அழுதாள். மாமனார் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. “மாப்புளயும் சொல்றாருன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பஸ் கதை சொல்வது நின்றுவிட்டது. காலையில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். என் மனைவி அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். என்ன செய்யச் சொல்கிறாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. மாமனார் குடும்பத்துக்குக் குலதெய்வம் ஸ்ரீமுஷ்ணம் பெருமாள். புரட்டாசி சனிக்கிழமைகளில் வீட்டில் சமைத்துப் படையல் போட்டு, கற்பூரம் காட்டும்வரை மாமனார் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் வைக்க மாட்டார். மாத்திரை மட்டும் விலக்கு. காலையில் எழுந்ததும் பிரஷர் மாத்திரையோடு அதையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு விரதத்தில் உட்கார்ந்துவிடுவார். இதுவும் எனக்குத் தெரியும். கண்ணுக்கு முன்னால் நடந்தது.

பதினொன்றரை மணி இருக்கும். மனைவி கடைக்குப் போன் செய்தாள். “ஏங்க, அப்பா ஒரு மாதிரியா பேசறாரு. என்னப் பாத்து அம்மா பேரச் சொல்லிக் கூப்புடறாரு. சீக்கிரம் வாங்க.”

போனேன். படையல் அறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெற்று மார்பில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது, வேட்டி இடுப்பில் நனைந்திருந்தது. மின்விசிறி தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. மறதி வந்தவருக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையில் விற்கிற சுகர் மிஷின் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

“சக்கரையக் கரைச்சுக் கொண்டா, ஓடு” என்று கத்தினேன். மனைவி ஒரு டம்ளரில் கரைத்துக்கொண்டு வந்தாள். அவருக்கு நினைவு இருந்தது, விழுங்கவும் முடிந்தது. ஆனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். “படையல் ஆவல” என்றார் குழறலாக. மனைவி கெஞ்சினாள். “பெருமாள் கோச்சுக்க மாட்டாருப்பா.” அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். டம்ளரைக் கையால் தள்ளினார். பாதி தரையில் கொட்டியது.

இருபத்திரண்டு வருடத்தில் நான் அவரிடம் நேராகப் பேசியது எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு மேல் வராது. அன்றைக்கு அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, முகத்துக்கு நேராக, “குடிங்க மாமா! நான் சொல்றேன், குடிங்க!” என்று அதட்டினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் கண் என்னைத் தேடிப் பிடித்தது. “மாப்புள…” என்றார். எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. பிறகு வாயைத் திறந்தார். மிச்சமிருந்ததையும், மனைவி கொண்டுவந்த இரண்டாவது டம்ளரையும் வாய் வாயாகக் குடித்தார்.

கால் மணி நேரத்தில் முகத்தில் ரத்தம் வந்தது. மகளை மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். “தரையெல்லாம் ஏம்மா ஈரமா கெடக்கு?” என்று கேட்டார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே பார்த்த டாக்டர் ஒரு இளம்பெண். குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்டார். நான் மெடிக்கல்காரன் என்ற தோரணையோடு சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று கடகடவென்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பேனாவை மூடிவிட்டு, “இருந்தாலும், வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தயும் பையோட எடுத்துட்டு வந்துடுங்க சார், நான் பாக்கணும்” என்றார். என் வசனத்தை என்னிடமே சொல்கிறாரே என்று உள்ளூர எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்குப் போய் அவர் பையைத் திறந்தேன். மாமனார் பையைத் திறப்பது அதுதான் முதல் தடவை. ஏதோ திருடுகிற மாதிரி இருந்தது. மடித்த வேட்டிகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் நான் கொடுத்த அட்டைகள் ஒரு பக்கம், மச்சான் பாண்டிச்சேரியிலிருந்து வாங்கிவந்த அட்டைகள் ஒரு பக்கம். இரண்டிலும் சரிசமமாக மாத்திரை தீர்ந்திருந்தது. முள் ஆடாமல் நிற்கிற மாதிரி, அங்கே ஒன்று குறைந்தால் இங்கேயும் ஒன்று. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு வந்தது வயதால் வந்ததும் இல்லை, மறதியும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவருக்குத் தினமும் இரண்டு பங்கு மருந்தைப் பாசமாக ஊட்டிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் இரண்டு அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணுதானே சார்?” என்றார். மெதுவாகத்தான் கேட்டார். அவரைவிட இரண்டு மடங்கு வயதான நான், “காலைல பத்து, பதினொண்ணுக்கு மேல தடுமாறுவாரு, மறதின்னு நெனச்சிட்டோம்” என்றேன். “தெனமும் ஒரே நேரத்துல மட்டும் வந்துட்டுப் போற மறதின்னு ஒண்ணு கெடையாது சார். இந்த மருந்து ஒடம்புல ரொம்ப நேரம் நிக்கும், திரும்பவும் சுகர் எறங்கலாம். நாளைக்கு வரைக்கும் வச்சிருந்து பாத்துட்டுத்தான் அனுப்புவேன்” என்றார். சர்க்கரைக்கு வேறு மாத்திரை எழுதினார்.

மச்சான் கடலூரிலிருந்து வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் போட்டி நேருக்கு நேர் வெடித்தது. “வாங்குனத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல மச்சான்?” என்றேன். “நீங்க மெடிக்கல் வச்சிருக்கீங்க, நீங்க கேக்க மாட்டீங்களா மாமா? நான் என்ன கண்டேன்?” என்றான். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். என் மனைவி வந்து, “சண்டைய வீட்டுல வச்சுக்குங்க. அப்பா கூப்புடறாரு, ரெண்டு பேரையும்” என்றாள்.

உள்ளே போய் நின்றோம். மச்சான் பொறுக்க முடியாமல் கேட்டான். “ஏம்பா, ரெண்டு அட்டைய வச்சிக்கிட்டு ரெண்டயும் போட்டியே, ஒரு வார்த்த யாரயாவது கேக்கக் கூடாதா?”

மாமனார், “ரெண்டும் ஒண்ணா இருக்குமோன்னு எனக்கே ஒரு சந்தேகம்தான்” என்றார்.

“அப்பறம்?”

“நீ பாண்டிச்சேரி வரைக்கும் அலைஞ்சு வாங்கியாந்த. அதப் போடாம வச்சா உனக்கு மனசு கஷ்டமா இருக்காதா? மாப்புள மருந்து தெரிஞ்சவரு. அவுரு குடுக்கறத இது எதுக்குங்கன்னு நான் எப்பிடிக் கேக்கறது? சந்தேகப்படற மாதிரி ஆயிடாதா? அதான், எதுக்கு வம்புன்னு ரெண்டயும் போட்டுக்கினேன். கொஞ்சம் ஜாஸ்தியாப் போனா இன்னா ஆயிடப் போவுதுன்னு நெனச்சேன்.”

கரும்பு லாரி ஒன்றில் ஒரு கைப்பிடி எடை கூடினால்கூட விடாத மனிதர் இதைச் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு மரியாதை கொடுப்பதற்காக அவர் தன் உயிரையே பணயம் வைத்திருக்கிறார். அந்த மரியாதையை நான் இத்தனை வருடம் சுகமாக வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் டம்ளரைத் தள்ளியபோது நான் அதட்டியதும் குடித்தாரே, அதுவும் இதே மரியாதைதான். அது ஒரு நாள் காப்பாற்றியது, மற்ற நாளெல்லாம் கொன்றுகொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மனைவியைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசினேன்.

“மாமா, தப்பு என்னுதுதான். கடைக்கு வர்ற அத்தனை பேரயும் கேக்கறேன், உங்களக் கேக்கல. இனிமே நான் குடுக்கறது எதுவா இருந்தாலும் இது எதுக்குன்னு நீங்க என்னக் கேக்கணும். வேணாம்னா வேணாம்னு சொல்லணும்.”

“அதெப்பிடிங்க மாப்புள…” என்று இழுத்தார். எழுந்து உட்காரப் பார்த்தார். கையைப் பிடித்துப் படுக்க வைத்தேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்தோம். இரண்டு வாரத்தில் மனிதர் பழையபடி ஆகிவிட்டார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, தலைப்புகளை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். நானும் மச்சானும் ஒப்பந்தம் போட உட்கார்ந்தோம். இனிமேல் மாத்திரையை ஒருவர்தான் வாங்க வேண்டும், யார் வாங்குவது? நான் என்றேன், அவன் தான் என்றான். திரும்பவும் ஆரம்பித்துவிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார், “சீட்டு எங்கிட்டயே இருக்கட்டும். ஒடம்பு என்னுது. நானே வாங்கிக்கிறேன்” என்றார். மச்சான் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

அதன்படியே நடந்தது. மருந்தின் பெயரையும் கம்பெனிப் பெயரையும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு அட்டையில் எது மருந்து, எது கம்பெனி வைத்த பேர் என்று கேட்டு, தன் கையால் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். கேள்வியெல்லாம் நேராக என்னிடமே கேட்டார், தயங்கித் தயங்கி. ஐப்பசி கடைசியில் மழை விட்டிருந்த ஒரு நாள், கடலூரிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தார். ஜன்னல் சீட்டு. அன்று சாயங்காலம் பெருமாள் ஏரியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை என் மனைவிக்கு இரண்டு மணி நேரம் சொன்னார். அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தை மாதம் ஒரு காலை. கடையில் நல்ல கூட்டம். சீட்டுகளை வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், வரிசையில் நான்காவது ஆளாக மாமனார் நிற்கிறார். மாப்பிள்ளை வியாபாரம் செய்கிற இடத்தில் மாமனார் போய் நிற்கக்கூடாது என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் கடைப் படி ஏறியதில்லை. முன்னால் வரச் சொன்னேன். “எல்லாரும் நிக்கறாங்கல்ல” என்று கையைக் காட்டிவிட்டார்.

அவர் முறை வந்ததும் சீட்டைப் பிரித்து வைத்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். காலாவதி தேதியைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் நெளிந்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். கை கேட்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு சத்து மாத்திரை அட்டையை எடுத்து அதோடு சேர்த்து வைத்தேன்.

அவர் அந்த அட்டையைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இது டாக்டர் எழுதலயே மாப்புள. வேணாம்.”

கடையே கேட்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு, என் முகம் எப்படி மாறுகிறதோ என்று பயந்தவர் போல அப்படியே நின்றார். நான் அட்டையை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். “சரிங்க மாமா” என்றேன். சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு, அடுத்து நின்ற ஆளைப் பார்த்து, “சீட்ட குடுங்க” என்றேன்.